பெரிய ஏரியைப் பல ஊர் சேர்ந்து காப்பது எப்படி?

ராணிப்பேட்டை மாவட்டத்துக் காவேரிப்பாக்கம் ஏரியின் கடைமடையில், அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், எனக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் நிலம். பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்றதிலிருந்து பாசனக் குழுவின் நோட்டு என் கையில்தான் இருக்கிறது. “எங்க ஏரிக்கும் நாலு ஊர் சேர்ந்து ஒரு குழு போடணும், எங்கே ஆரம்பிக்கிறது?” என்று அடிக்கடி கேட்கிறார்கள். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கூட்டம் போடுவதற்கு முன்னால், உங்கள் ஏரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். எங்கள் ஏரியின் கரை எட்டு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் தண்ணீர் வருகிற வழி அதைவிடப் பெரியது. பாலாறு கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திராவைக் கடந்து வருகிறது. சித்தூர்ப் பக்கம் பெய்யும் மழை பொன்னை ஆறாக வந்து அதில் சேர்கிறது. வாலாஜா அருகே உள்ள பாலாறு அணைக்கட்டில் தண்ணீர் நான்கு கால்வாயாகப் பிரிகிறது: காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி. எங்கள் ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிவது கொசஸ்தலை ஆற்றின் வழியே, சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரிக்குப் போகிறது. ஆக, சென்னையில் குழாயைத் திறப்பவருக்கும் இந்த ஏரியில் பங்கு உண்டு. உங்கள் ஏரிக்கும் இப்படி ஒரு படத்தைப் பெரிய தாளில் வரையுங்கள். யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை அந்தப் படமே சொல்லிவிடும்.

அப்புறம் நடக்க வேண்டும். இதை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் வரத்துக்கால்வாயில் தண்ணீர் வந்தபோது, எங்களுக்கும் மேல் ஊருக்கும் வாய்த்தகராறு. ஒரு ராத்திரி யாரோ கால்வாய்க் கரையை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் அவர்களுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. புறம்போக்கில் பாய்ந்து வீணானது. அடைப்பதற்குள் ஒன்பது நாள் போய்விட்டது. அன்றைக்கு வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வயதான நீர்கட்டி ஒருவர் என்னிடம், “வாத்தியாரே, தண்ணி எங்க நிக்குதுன்னு கண்ணால பாக்காம ரெண்டு ஊரும் சண்ட போடுறீங்க” என்றார். அடுத்த ஆவணியில் இரண்டு ஊர் ஆட்களும் சேர்ந்து, இரண்டு நாள் கால்வாய் நெடுக நடந்தோம். நாங்கள் திருட்டு என்று நினைத்த இடத்தில் சீமைக்கருவேலம் அடைத்திருந்தது. இடிந்த ஒரு சிறு பாலத்தின் கல் பாதித் தண்ணீரைத் தடுத்திருந்தது. மேல் ஊர்க்காரர் பக்கத்தில் நின்று அதைப் பார்த்ததால்தான் பேச்சு மாறியது. நடக்கும்போது கடைமடைக்காரர் முன்னால் போகட்டும். தலைமடைக்காரர் கண்ணுக்குப் படாத அடைப்பு அவர் கண்ணுக்குப் படும்.

குழுவில் ஆயக்கட்டுப் பரப்பை, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தின் அளவை, பார்த்து இடம் ஒதுக்காதீர்கள். ஊருக்கு இரண்டு பேர், சின்ன ஊரானாலும் பெரிய ஊரானாலும். இரண்டில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். நாற்று நடுபவர்கள் அவர்கள்தான். அமெரிக்காவும், கனடாவுக்காகப் பிரிட்டனும், பேரேரிகள் உள்ளிட்ட எல்லை நீர்நிலைகளுக்காக 1909-ல் போட்ட உடன்படிக்கைப்படி அமைத்த கூட்டு ஆணையத்திலும் நாட்டுக்கு மூன்று பேர், சமமாகத்தான். ஜனத்தொகையை எண்ணியிருந்தால் கனடா வாயைத் திறந்திருக்க முடியாது.

பிறகு ஒரே அளவு. மதகின் அளவுகோலை ஒவ்வொரு ஊரும் தனித்தனியாகப் பார்த்து வந்து தனித்தனிக் கணக்குச் சொன்னால், சண்டை அங்கேயே தொடங்கும். திங்களும் வியாழனும் காலை ஏழு மணிக்கு இரண்டு ஊர் ஆட்கள் சேர்ந்து பார்த்து, ஒரே நோட்டில் இருவரும் கையெழுத்துப் போடட்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றுக்கும் பொதுவான கான்ஸ்டன்ஸ் ஏரியில் சாக்கடையாலும் சோப்புத் தூளாலும் பாஸ்பரஸ் ஏறிக்கொண்டே போனது. 1959-ல் ஆணையம் அமைத்து, சேர்ந்து அளந்து, ஊர் ஊராகக் கழிவுநீர் நிலையம் கட்டினார்கள். 1979 வாக்கில் லிட்டருக்கு 80 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்த பாஸ்பரஸ் பின்னர் 10-க்குக் கீழே இறங்கியது. பல பத்து வருட வேலை அது. பொறுமை வேண்டும்.

நம் பக்கத்துக் கழிவுக்கு ஒரு முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனு எழுதும்போது இதைக் குறிப்பிடுங்கள்.

காகித வேலைக்கு வருகிறேன். கிராம வரைபடம், ஒவ்வொரு புல எண்ணுக்கும் உள்ள புலப்படம், நில விவரம் எழுதிய அ-பதிவேடு மூன்றையும் எல்லா ஊருக்கும் வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் ஏரி பெரும்பாலும் நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். துறையின் ஏரியில் ஆக்கிரமிப்பு என்றால் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி, அளவீடு கேட்டு மனு கொடுங்கள். ஆள் பெயரைப் போட்டுப் புகார் எழுதுவதைவிட அளவீடு கேட்பது நல்லது. ஊருக்குள் பகை வளராது. முன்பு எல்லாம் வட ஆற்காடு என்ற ஒரே மாவட்டம். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஒரே நீர்வழி இன்று பல மாவட்டங்களில் கிடக்கலாம், அதனால் ஒரே மனுவை அந்த ஒவ்வொரு மாவட்டத்தின் விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்திலும் கொடுத்து, ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் எல்லா ஊரிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டால் அதற்குத் தனி எடை.

மாநிலம் தாண்டிய விஷயம் நம் கைக்கு எட்டாது என்று விட்டுவிட வேண்டாம். 1892-ல் மைசூரும் சென்னை மாகாணமும் செய்த ஒப்பந்தப் பட்டியலில் பாலாறும் இருக்கிறது. கீழே உள்ளவர் சம்மதம் இல்லாமல் மேலே புதிய அணை கூடாது என்பது அதன் சாரம். வழக்கை அரசுகள் பார்த்துக்கொள்ளட்டும். நாம் சித்தூர்ப் பக்கம் ஒரு விவசாயியின் நட்பைத் தேடிக்கொள்ளலாம். பொன்னை ஆற்றின் மேலே உள்ள கலவகுண்டா அணையைத் திறந்தால் எனக்கு அங்கிருந்து ஒரு போன் வரும், பொன்னைத் தண்ணீர் அணைக்கட்டுக்கு வருவதற்கு முன்பே. அந்த இடைவெளியில் கால்வாய் வாயை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

இந்த வருடம் ஆரம்பிப்பதாக இருந்தால் ஆடிக்குள் படம் வரைந்து, ஆவணியில் நடந்து, புரட்டாசிக்குள் முள்ளை வெட்டிவிடுங்கள். ஐப்பசி மழை வந்துவிட்டால் கால்வாயில் இறங்க முடியாது.