காரைக்குடிப் பக்கத்திலிருந்து இங்கிலாந்து வந்து பள்ளி ஆசிரியராக நினைப்பவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் என்று நம் பக்கத்திலிருந்து இங்கே வந்து சேருகிறவர்கள், வீடு பிடித்து வங்கிக் கணக்குத் திறந்து கொஞ்சம் மூச்சு விட்டதும் கேட்கிற கேள்விகளில் ஒன்று இது: "அண்ணே, ஐ.டி. வேலையை விட்டுட்டு இங்க ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரா போக முடியுமா?" கணவருடைய விசாவில் வந்து, எம்.எஸ்சி. வேதியியல் பட்டத்தைப் பெட்டியிலேயே வைத்திருக்கும் தங்கச்சிகளும் இதையே கேட்கிறார்கள். முடியும். கணக்கு, இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் ஆகிய பாடங்களுக்கு இங்கே செகண்டரி பள்ளிகளில், அதாவது 11 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில், ஆசிரியர் பற்றாக்குறை பல ஆண்டுகளாக இருக்கிறது. நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ் விதிகள் வேறு.

விண்ணப்பம், கட்டணம் பற்றியெல்லாம் யோசிப்பதற்கு முன்னால் ஒரு பள்ளிக்குள் போய் வகுப்பறையைப் பாருங்கள். நமக்குப் பாடம் தெரியும். ப்ளஸ் டூ கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற ஆட்கள் நம் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் இங்கத்திய வகுப்பறையை நாம் பார்த்ததே இல்லை, அதுதான் விஷயம். பக்கத்துப் பள்ளிகளுக்கு மின்னஞ்சல் போட்டு, ஆசிரியராக விருப்பம், ஓரிரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள், பல பள்ளிகள் சம்மதிக்கும். அரசின் 'கெட் இன்டு டீச்சிங்' சேவையில் பதிந்தால் இலவசமாக ஆலோசனை சொல்ல ஆள் தருவார்கள். இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டுமானால் டீச்சிங் அசிஸ்டென்ட், அறிவியல் ஆய்வகத்தில் லேப் டெக்னீஷியன், மே-ஜூனில் தேர்வுக் கண்காணிப்பாளர் போன்ற வேலைகளுக்குப் போகலாம். சம்பளம் குறைவுதான், விடுமுறை மாதங்களைக் கழித்துத்தான் கணக்குப் போடுவார்கள். ஆனாலும் அரை வருடம் அங்கே இருந்துவிட்டு பயிற்சிக்குப் போகிறவருக்கும், நேராக ஆபீஸிலிருந்து போகிறவருக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அடுத்தது விசா. ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில், அதாவது ஒரு நிறுவனம் ஸ்பான்சர் செய்து தரும் வேலை விசாவில், நீங்களே முதன்மை ஆளாக இருந்தால், வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பயிற்சிக்குப் போக முடியாது. உங்களை ஸ்பான்சர் செய்கிற வேலை போனால் விசாவும் போகும். மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், இல்லை ஐ.எல்.ஆர். எனப்படும் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் அதே விசாவில் டிபென்டன்ட் ஆக, அதாவது அவருடைய கணவராகவோ மனைவியாகவோ, வந்தவர் படிக்கவும் வேலை பார்க்கவும் தடையில்லை. அதனால் குடும்பமாக வந்தவர்களுக்கு என் கருத்து: முதன்மை விசாக்காரர் வேலையில் இருக்கட்டும், மற்றவர் முதலில் ஆசிரியராகட்டும். ஊரில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் யோசிப்போம், ஆனால் இங்கே இதுதான் வீட்டுக்கு நல்லது.

ஊரிலேயே பி.எட். முடித்து, கணக்கோ அறிவியலோ நடத்திய அனுபவம் உள்ளவர்களுக்குத் தனி வழி ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. காரைக்குடியில் 1950-ல் அழகப்பச் செட்டியார் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்து, உள்ளூர் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர் இங்கே கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 2023 முதல் இந்தியாவில் தகுதி பெற்ற ஆசிரியர்களும் க்யூ.டி.எஸ். எனப்படும் இங்கத்திய ஆசிரியர் தகுதிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். இந்தியாவிலிருந்து என்றால், 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு, அறிவியல் அல்லது மொழிப்பாடம் நடத்தும் தகுதி இருக்க வேண்டும். மறுபடி ஒரு வருடம் படித்துக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. நீங்கள் இந்த வகை என்றால், முதலில் இதைத்தான் பாருங்கள்.

மற்றவர்களுக்கு வழக்கமான பாதை, பட்டத்துக்குப் பிறகு ஓராண்டுப் பயிற்சி. பல்கலைக்கழகம் நடத்தும் பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பாகவும் இருக்கலாம், பள்ளிகள் சேர்ந்து நடத்துவதாகவும் இருக்கலாம், எதுவானாலும் முடிவில் க்யூ.டி.எஸ். கிடைக்க வேண்டும், அதை மட்டும் விடாமல் கேளுங்கள். நடத்தப்போகும் பாடத்திலேயே பட்டம் இருக்க வேண்டும் என்றும் இல்லை. மெக்கானிக்கல் படித்தவர் இயற்பியலுக்கோ கணக்குக்கோ போகலாம். பொறியாளர்களை இயற்பியல் ஆசிரியர்களாக்க என்றே 2022-ல் தனித் திட்டம் கொண்டுவந்தார்கள்.

காகிதங்களை ஊருக்குப் போகும்போது முடித்துவிடுங்கள், இங்கிருந்து போனிலேயே நடத்தப் பார்த்தால் இழுத்துக்கொண்டே போகும். பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்களின் மூலப்படிகள், பட்டச் சான்றிதழ், எல்லா செமஸ்டருக்கும் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் விவரப் பட்டியல், கடைசியாக வேலை பார்த்த இடத்தின் கடிதம், இவை வேண்டும். காரைக்குடி அரசு பொறியியல் கல்லூரிக்காரர்கள் கவனிக்க: படித்த ஆண்டைப் பொறுத்து உங்கள் பட்டம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினுடையதாகவோ அண்ணா பல்கலைக்கழகத்தினுடையதாகவோ இருக்கும், டிரான்ஸ்கிரிப்ட் அங்கேதான் கேட்க வேண்டும், கல்லூரி வாசலில் நின்று பயனில்லை. இந்தச் சான்றிதழ்களை யு.கே. ஈனிக் என்ற அமைப்பிடம் கொடுத்து, இங்கத்திய எந்தப் படிப்புக்குச் சமம் என்று கடிதம் வாங்க வேண்டும். செகண்டரிக்கு ஆங்கிலத்திலும் கணக்கிலும், இங்கே 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத் தேர்வின் நான்காம் தரத்துக்குச் சமமான தகுதி கேட்பார்கள். ஸ்டேட் போர்டு பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏற்பதில்லை, சில இடங்களில் சமநிலைத் தேர்வு எழுதச் சொல்வார்கள். எழுதிவிடுங்கள். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் இதற்காகப் பின்வாங்க வேண்டியதே இல்லை, அது தயாரித்துக்கொண்டு எழுதக்கூடிய தேர்வுதான். அப்புறம், குழந்தைகளோடு வேலை செய்ய டி.பி.எஸ். என்ற குற்றப் பதிவுச் சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டில் வாழ்ந்தவர்களிடம் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள்.

பணம். 2025-26-ல் உள்ளூர் மாணவர் கட்டணமே 9,535 பவுண்ட் வரை, வெளிநாட்டவர் கட்டணம் அதைவிட அதிகம். அதே ஆண்டு கணக்கு, இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் பாடங்களுக்கு அரசு உதவித்தொகை 29,000 பவுண்ட், வரி இல்லை, திருப்பித் தர வேண்டியதும் இல்லை. ஆனால் ஐ.எல்.ஆர். இல்லாதவர்களுக்கு அந்த ஆண்டு இந்தப் பாடங்களில் இயற்பியல் தவிர மற்றவற்றுக்குப் பெரும்பாலும் இது கிடைக்காது, அரசு மாணவர் கடனும் பெரும்பாலும் கிடைக்காது. விதியும் தொகையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், போன வருடம் சேர்ந்த நண்பர் சொன்னதை நம்பி வீட்டு பட்ஜெட் போடாதீர்கள், அந்த ஆண்டு அறிவிப்பை நீங்களே படியுங்கள்.

பயிற்சி எப்படி இருக்கும்? ரங்கூன், மலாயா என்று கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போன நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, அப்புறம்தான் மேலாளாகப் பொறுப்பேற்பார்கள், ஏறக்குறைய அதே மாதிரி. குறைந்தது 120 நாள் பள்ளியிலேயே இருக்க வேண்டும். முதலில் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது, பிறகு பத்து நிமிடம் நடத்துவது, பிறகு முழு வகுப்பு. பதினைந்து வருடம் மேனேஜராக இருந்தவருக்கு, இருபத்தைந்து வயது ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்து "நீங்கள் ரொம்ப நேரம் பேசினீர்கள்" என்று சொல்லும்போது சுருக்கென்று இருக்கும். அவர் சொல்வது அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும்.

ஏனென்றால் நாம் படித்த முறையே வேறு. போர்டில் எழுதிப்போட்டு, பிள்ளைகள் பார்த்து எழுதி, பிறகு டியூஷனில் புரிந்துகொள்வது இங்கே செல்லாது. ஒவ்வொரு பிள்ளை கையிலும் சின்ன வெள்ளைப் பலகை இருக்கும், கேள்வி கேட்டால் எல்லாரும் எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும், யாருக்குப் புரியவில்லை என்று அந்த நிமிடமே தெரிந்து அங்கேயே சரிசெய்ய வேண்டும். உங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொல்லுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பேசுவார்கள், எதிர்த்தும் பேசுவார்கள். குரலை உயர்த்துவதில் ஒரு பயனும் இல்லை. பள்ளியின் நடத்தை விதிகளை வரிக்கு வரி படித்து, முதல் எச்சரிக்கை, இரண்டாவது, பிறகு பள்ளி நேரத்துக்கு அப்பால் உட்காரவைக்கும் டிடென்ஷன் என்று அதே குரலில், தினமும் அதே மாதிரி செய்யுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வகுப்பு மாறும்.

பிள்ளைகளின் பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் எந்தச் சலுகையும் இல்லை. மாணவர்களோடு வாட்ஸ்அப் கூடாது, காரில் ஏற்றி வீட்டில் விடக் கூடாது, அன்பாகக்கூடத் தலையில் தட்டக் கூடாது, உங்கள் வகுப்புப் பிள்ளைக்கே வீட்டில் டியூஷன் எடுப்பதும் வேண்டாம். ஒரு பிள்ளை தன் வீட்டில் நடக்கும் கொடுமையைச் சொல்லி "யாரிடமும் சொல்லாதீங்க மிஸ்" என்றால், அந்த வாக்குறுதியைத் தர உங்களுக்கு உரிமை இல்லை. அன்றே பள்ளியின் சேஃப்கார்டிங் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். அது காட்டிக்கொடுப்பதாகாது. அந்தப் பிள்ளை உங்களிடம் வந்ததே உதவி கிடைக்கும் என்றுதான்.

வேலைக்கு ஜனவரியிலிருந்தே பாருங்கள், செப்டம்பர் இடங்கள் பெரும்பாலும் மே மாதத்துக்குள் நிரம்பிவிடும். 2025 செப்டம்பர் கணக்கில் ஆரம்பச் சம்பளம் லண்டனுக்கு வெளியே ஆண்டுக்கு 32,916 பவுண்ட், இன்னர் லண்டனில் 40,317. முதல் இரண்டு ஆண்டு, புது ஆசிரியர் என்பதால் வகுப்புகள் கொஞ்சம் குறைவாகவும் வழிகாட்ட ஒரு மூத்த ஆசிரியரும் தருவார்கள். நேர்முகத்தில் ஒரு வகுப்பு எடுக்கச் சொல்வார்கள், பல பள்ளிகளில் அன்று மாலையே போனில் வேலை தருகிறோம், சம்மதமா என்று கேட்டு உடனே பதில் எதிர்பார்ப்பார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றால் அடுத்தவருக்குப் போய்விடும். அதனால் விசா ஸ்பான்சர் செய்வார்களா, உங்கள் பழைய அனுபவத்துக்குச் சம்பளத்தில் ஏதாவது கூட்டித் தருவார்களா என்பதை விண்ணப்பிக்கும்போதே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.