தோட்டாக் கூட்டுக்குள் பஞ்சு வைக்கும் முன்

தோட்டா நிரப்பக் கற்றுக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாக்கள் ஐம்பது. குண்டுகள் அவரே வார்த்தவை. அடிப்பக்கம் மழுங்காமல், சுருக்கம் விழாமல் அருமையாக வந்திருந்தன. மனசாரப் பாராட்டினேன். அப்புறம் அவர், "அண்ணா, உள்ளே கொஞ்சம் டேக்ரான் என்ற செயற்கைப் பஞ்சும் வைத்திருக்கிறேன். வெடிமருந்து ஆடாமல் இருக்கும் இல்லையா?" என்றார்.

பெட்டியை மூடி என் பக்கம் வைத்துக்கொண்டேன். இதே வேலையை, இதே காரணத்துக்காக, பல வருடங்களுக்கு முன் நானும் செய்தேன்.

கண்ணாடி போடுங்கள், மருந்தருகே நெருப்பு வேண்டாம், மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்துப் புட்டிதான் இருக்க வேண்டும் என்பதெல்லாம் எந்தக் கையேட்டைத் திறந்தாலும் முதலிலேயே இருக்கும். அவற்றை நான் திரும்பச் சொல்லவில்லை. கையேட்டில் இல்லாத ஒன்றை நாமாக யோசித்துச் சேர்க்கும்போது வரும் தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது

.45 கோல்ட் என்ற ரிவால்வர் தோட்டா 1873-இல் வந்தது, .38 ஸ்பெஷல் 1898-இல் வந்தது. இரண்டுமே புகை கக்கும் பழைய வெடிமருந்தான கருமருந்தை மனதில் வைத்து அளவெடுத்த கூடுகள். கருமருந்துக்கு நிறைய இடம் வேண்டும். இன்றைய புகையில்லா மருந்துக்கு அவ்வளவு இடம் தேவையில்லை. மெதுவான இலக்குத் தோட்டா என்றால் .38 கூட்டின் அடியில் மூன்று கிரெயின் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 0.2 கிராம் மருந்து கிடக்கும். மேலே இருப்பது முழுக்கக் காற்று.

அந்த வெற்றிடம்தான் புதியவர்களை உறுத்துகிறது. துப்பாக்கியைக் கீழே சாய்த்துவிட்டு நிமிர்த்தினால் மருந்து குண்டின் பக்கம் கிடக்கும். வானத்தைப் பார்க்கத் தூக்கி இறக்கினால், கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் பக்கம் சேரும். சில மருந்துகளில் இந்த இரண்டுக்கும் இடையே குண்டின் வேகம் நன்றாகவே மாறும். குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியில் எண்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தவுடன், மருந்தைப் பிடித்து ஓரிடத்தில் நிறுத்த ஏதாவது வைக்கலாமே என்று தோன்றிவிடுகிறது.

அதற்கு முன்னுதாரணமும் கிடைக்கிறது. கருமருந்து கெட்டிக்கும் பழைய ரிவால்வர்களில் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. அதனால் கோதுமை ரவையோ சோளமாவோ போட்டு அந்த இடத்தை நிரப்புவார்கள். அங்கே அது சரியான பழக்கம். பெரிய ரைஃபிள் தோட்டாக்களில் பஞ்சு வைப்பவர்களும் உண்டு. அந்த இரண்டு பழக்கங்களையும் சின்னக் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குள் கொண்டுவருவதுதான் பிழை.

பஞ்சு மறைப்பது எதை

ஃபில்லர், அதாவது வெற்றிடத்தை நிரப்ப வைக்கும் பொருள் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் அழுத்தத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் எனக்கு இன்றும் கோபம் வருவது வேறொன்றை நினைத்து.

.38 கூட்டில் ஒரு அளவு மருந்து போடுகிறோம். தவறுதலாக இரண்டாவது முறையும் போட்டால் வழியாது. மூன்றாவது முறை போட்டாலும் வழியாது. இதிலிருந்து நம்மைக் காப்பாற்றும் வேலி ஒன்றே ஒன்றுதான். குண்டை வைப்பதற்கு முன் ஐம்பது கூடுகளையும் குழிகள் உள்ள கட்டையில் வரிசையாக நிறுத்தி, மேலே விளக்கைப் பிடித்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் எட்டிப் பார்ப்பது. ஒன்றில் மட்டும் மட்டம் உயர்ந்திருந்தால் கண்ணில் படும். ஒன்று காலியாக இருந்தாலும் படும். பஞ்சை வைத்த அந்த நொடியில் இந்த வேலி போய்விடுகிறது. எல்லாக் கூடுகளும் ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரியும்.

எனக்கு நடந்தது இதுதான். கரண்டியால் அளந்து ஒரு கூட்டில் மருந்தைப் போட்டு, உடனே பஞ்சைத் திணித்து, அடுத்ததற்குப் போகும் முறையை வைத்திருந்தேன். நடுவில் யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்து தொடர்ந்தேன். மறுநாள் சுடும் இடத்தில் ஏழாவதோ எட்டாவதோ தோட்டா. விசையை இழுத்தேன். வெடிக்கவில்லை, "டுப்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. கையில் உதையே இல்லை. அடுத்ததைச் சுட விரல் தயாராகிவிட்டது. பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் "நிறுத்து!" என்று கத்தியதால்தான் நிறுத்தினேன்.

துப்பாக்கியைக் காலி செய்து பார்த்தால், குண்டு குழலுக்குள் பாதி தூரம் போய்ச் சிக்கியிருந்தது. அந்தக் கூட்டில் மருந்தே இல்லை. பிரைமரின் வேகம் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளியிருக்கிறது. அதன் பின்னால் அடுத்த குண்டைச் சுட்டிருந்தால் குழல் உப்பியிருக்கும், இல்லை பிளந்திருக்கும்.

ஒரு கூட்டில் மருந்து இல்லை என்றால் அந்த மருந்து எங்கே போனது? அன்று இரவு மிச்சம் இருந்த எல்லாத் தோட்டாக்களையும் குண்டு பிடுங்கும் சுத்தியலால் ஒவ்வொன்றாகப் பிரித்து, மருந்தைத் தராசில் போட்டேன். ஒன்றில் இரண்டு அளவு இருந்தது. அதுவும் அதே சிலிண்டரில் ஏறக் காத்திருந்த தோட்டா. வெளியிலிருந்து பார்த்தால் மற்றவற்றோடு எந்த வித்தியாசமும் இல்லை. கவனம் சிதறியது என் தவறு, மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு நிதானமான ஆளுக்கும் ஒரு நாள் கவனம் சிதறும். அந்த நாளுக்காகத்தான் விளக்கும் கட்டையும். வேகமானியில் எண்கள் கொஞ்சம் நெருங்கி வர வேண்டும் என்பதற்காக, என் கையாலேயே அதை மூடி வைத்திருந்தேன்.

"கொஞ்சம் பஞ்சுதானே" என்பது

கையேட்டில் ஒரு அளவு அச்சாகிறது என்றால், அந்தக் கூடு, அந்தப் பிரைமர், அந்த மருந்து, அந்தக் குண்டு, அது உட்காரும் ஆழம் எல்லாவற்றையும் வைத்து ஆய்வுக்கூடத்தில் அழுத்தத்தை அளந்திருக்கிறார்கள். உங்கள் பஞ்சை வைத்து அளக்கவில்லை. அதை வைத்ததும் மருந்து எரியத் தொடங்கும் இடம் சுருங்குகிறது, குழலில் தள்ள வேண்டிய பொருள் கூடுகிறது. வேகமாக எரியும் கைத்துப்பாக்கி மருந்துகளில் இடம் சுருங்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும். குண்டைக் கொஞ்சம் ஆழமாக அழுத்தினாலே ஏறுகிறது என்பதை நிரப்புகிறவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

இன்னொரு சேதமும் உண்டு. மருந்தின் மேல் அழுத்தி வைத்த அடைப்புக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டால், அந்த அடைப்பு எறிந்த கல் மாதிரி போய்க் குண்டின் அடியில் மோதும். அந்த இடத்தில் தோட்டா உட்காரும் அறையின் சுவர் வளையம் போல உப்பிவிடும். பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களில் இப்படிக் கெட்டுப்போன அறைகள் நிறைய. சுட்ட கூடு அந்த வளையத்தில் பிடித்துக்கொண்டு வெளியே வராது. ரிவால்வர் சிலிண்டரின் சுவர் எவ்வளவு மெல்லியது என்று ஒரு தடவை உற்றுப் பாருங்கள்.

ரவை, சோளமாவு, இலவம்பஞ்சு, காகிதம்

எதுவும் வேண்டாம். ரவை மருந்துக்குள் இறங்கிக் கலக்கும், ஈரத்தை இழுக்கும், இறுகிக் கட்டியாகும். கனமும் அதிகம்.

"நூறு சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை"

பிரைமர் தட்டையாகவில்லை, அதனால் அழுத்தம் சரி என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் தோட்டாக்களுக்கான வரம்புகளை வகுக்கும் எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. அமைப்பு .38 ஸ்பெஷலுக்கு வைத்திருக்கும் உச்சம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. .357 மேக்னத்துக்கு 35,000. இரண்டிலும் ஒரே அளவு பிரைமர். 35,000-ஐத் தாங்கும் பிரைமர் 25,000-இல் உங்களுக்கு என்ன அடையாளம் காட்டும்? .38-இல் பிரைமர் ஏதாவது சொல்ல ஆரம்பிக்கும்போது வரம்பை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். .45 கோல்ட்டின் வரம்பு இன்னும் கீழே, 14,000.

முடிந்த தோட்டாவை எடை போட்டுச் சரிபார்ப்பது

வார்த்த குண்டும் பித்தளைக் கூடும் ஒன்றுக்கொன்று எடையில் வேறுபடும் அளவுக்குள்ளேயே மூன்று கிரெயின் மருந்து இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் போய்விடும்.

ஈயம் ஒட்டுகிறது என்று ஃபில்லர் வைப்பது

குழலில் ஈயம் படிந்தால், சூடான வாயு குண்டின் அடியை உருக்குகிறது, பஞ்சு வைத்தால் காக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெரும்பாலும் காரணம் அளவுதான். குண்டு குழலைவிடச் சிறியதாக இருந்தால் ஓரத்தில் வாயு கசிந்து ஈயத்தை அரித்துக்கொண்டு போகும். மிருதுவான ஈய உருண்டை ஒன்றைக் குழலுக்குள் எண்ணெய் தடவித் தள்ளி எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். குழலின் உட்சுவரில் வெட்டிய காடிகளுக்கு இடையேயான விட்டத்தைவிடக் குண்டு 0.001 அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். ரிவால்வர் என்றால் சிலிண்டர் அறைகளின் வாயையும் அளக்க வேண்டும். அது குழலைவிடக் குறுகலாக இருந்தால், நீங்கள் எவ்வளவு பெரிய குண்டை வைத்தாலும் அங்கேயே இழைத்துச் சின்னதாக்கிவிடும். உலோகத்தை இன்னும் கடினமாக்குவதும் இதற்கு மருந்தாகாது.

மருந்தைக் குறைத்தால் எப்போதும் பாதுகாப்பு என்று நினைப்பது

இல்லை. மெதுவாக எரியும் எச்110 போன்ற மருந்துகளைக் கையேடு சொல்வதற்குக் கீழே குறைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். சரியாகப் பற்றாமல் குண்டு குழலில் நின்றுவிடலாம்.

ஈரமான ஈயத்தை உருகிய ஈயத்தில் போடுவது

ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், கலத்தில் இருப்பது மொத்தமும் முகத்துக்கு வரும்.

வெற்றிடத்தை என்னதான் செய்வது

மருந்தை மாற்றுங்கள். பருமனான துகள் உள்ள மருந்து அதே சக்திக்கு அதிக இடத்தை நிரப்பும். டிரெயில் பாஸ் என்ற மருந்து இதற்காகவே செய்தது. அதை அழுத்தி நெருக்கக் கூடாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். டைட்குரூப் போன்ற மருந்துகள் கூட்டில் எங்கே கிடந்தாலும் வேகம் அவ்வளவாக மாறாதபடி வடிவமைத்தவை. .38-இல் கூட்டின் வாய்க்குச் சமமாக உள்ளே அமரும் வாட்கட்டர் என்ற தட்டை முனைக் குண்டு வெற்றிடத்தில் பெரும்பகுதியைத் தானே எடுத்துக்கொள்ளும். அதற்கென்று தனி அளவுகள் கையேட்டில் உண்டு, அவற்றை மட்டும் பயன்படுத்துங்கள். இதெல்லாம் செய்த பிறகும் வேகம் கொஞ்சம் ஏறி இறங்கினால், அதோடு சுடுங்கள். பதினைந்து மீட்டரில் காகிதத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

தம்பியின் ஐம்பது தோட்டாக்களையும் அன்று மாலையே இரண்டு பேருமாகப் பிரித்தோம். எல்லாவற்றிலும் மருந்து சரியாகவே இருந்தது. "அப்போ சுட்டிருக்கலாம் இல்லையா அண்ணா?" என்றார். "பிரிக்கிறதுக்கு முன்னாடி அது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பஞ்சையெல்லாம் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, கூடுகளைக் கட்டையில் அடுக்கி விளக்கைக் கேட்டார்.