கம்பும் கடிகாரமும் போதும்: முல்லைத்தீவுக் கரையில் அலை அளக்கும் முறை

வாடைக்காற்று பிடிப்பதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். கொக்கிளாய் முதல் சுண்டிக்குளம் வரையான கரை வங்காள விரிகுடாவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. ஐப்பசி பிறந்தால் அதன் முகமே மாறிவிடும். விடியற்காலையில் கரையில் நின்று, இன்று படகு இறக்கலாமா கூடாதா என்று சொல்லும் பெரியவர்கள் ஒவ்வொரு வாடியிலும் (மீனவர் கொட்டில்) இருக்கிறார்கள். அவர்களுடைய கணிப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அது ஏட்டில் இல்லை. கரை அரிக்கிறது, அணை கட்டித் தாருங்கள் என்று கேட்கப் போனால், "எவ்வளவு அரித்தது, எப்போதிருந்து?" என்பதுதான் முதற்கேள்வியாக வரும். அதற்குப் பதில் சொல்ல ஒரு கொப்பி வேண்டும்.

முதற்படி: அளவுகோல் செய்தல்

எஸ்லோன் (பிவிசி) பைப்பில் சம நீளமுள்ள இரண்டு துண்டுகள், ஒவ்வொன்றும் 2 மீற்றர். 10 சென்ரிமீற்றருக்கு ஒரு பட்டையாகச் சிவப்பும் வெள்ளையுமாகப் பூசுங்கள். இவற்றோடு 2 மீற்றர் கயிறு, கொப்பி, நொடி காட்டும் கைக்கடிகாரம். இதற்கு மேல் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: அலையின் உயரம்

இரண்டு பேர் தேவை. ஒருவர், அலை இழுத்துக்கொண்டு பின்வாங்கும் இடத்தின் விளிம்பில் கம்பை நேராகப் பிடிக்க வேண்டும். மற்றவர் கரையில் மேலும் கீழுமாக நகர்ந்து, தேவையானால் குந்தி, முறியும் அலையின் முகடு அடிவானத்தோடு ஒட்டித் தெரியும் இடத்தைத் தேட வேண்டும். அங்கிருந்து பார்க்கையில் அடிவானக் கோடு கம்பை எந்தப் பட்டையில் வெட்டுகிறதோ, அதுவே அந்த அலையின் உயரம். முதல் நாளில் கண் தடுமாறும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

தொடர்ந்து 30 அலைகளை எழுதுங்கள். பெரிய அலைகளை மட்டும் பொறுக்கி எழுதக்கூடாது, வருகிற வரிசையிலேயே எழுத வேண்டும். பிறகு உயரமான 10 அலைகளை எடுத்துச் சராசரி காணுங்கள். கடலியலாளர்கள் 'குறிப்பிடத்தக்க அலை உயரம்' என்று சொல்வது இதைத்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், படகுகள் கரையேற ஏற்ற நாளைக் கணிக்கும் வேலையில் இறங்கிய சுவேர்ட்ரப், மங்க் என்ற இருவர் இந்த அளவை வகுத்து 1947இல் வெளியிட்டார்கள். பழகிய கண் ஒரு பார்வையில் சொல்லும் உயரமும் பெரும்பாலும் இதை ஒட்டியே வரும். 30 அலைகளின் சராசரி 0.7 மீற்றர் என்றால், மேல் பத்தின் சராசரி ஏறத்தாழ 1.1 வரும்.

தொழிலுக்குப் போகிறவர்கள் இதோடு இன்னொன்றையும் அறிய வேண்டும். சில மணி நேரம் கடலில் நின்றால், இந்த உயரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அலை ஒன்றாவது வரும். 1.1 என்று வாடிப் பலகையில் எழுதினால், 2 மீற்றர் அலைக்கும் ஆயத்தமாக இருங்கள் என்று பொருள்.

கடல் கொந்தளிக்கும் நாளில் கம்பு பிடிக்க எவரும் இறங்க வேண்டாம். தூரத்தில் நின்று கண்ணால் மதிப்பிட்டு, 'கண் மதிப்பு' என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: அலையின் நேரம்

வலை மிதப்பு ஒன்றைக் குறி வையுங்கள். ஒரு முகடு அதைத் தூக்கும்போது நேரத்தைக் குறித்து, 11ஆவது முகடு தூக்கும்வரை பாருங்கள். கிடைத்த நொடிகளைப் பத்தால் வகுத்தால் அலைநேரம். அதை அதனாலேயே பெருக்கி, மீண்டும் 1.56ஆல் பெருக்கினால், ஆழ்கடலில் அந்த அலையின் நீளம் மீற்றரில் கிடைக்கும். 6 நொடி அலை 56 மீற்றர், 12 நொடி அலை 225 மீற்றர். காற்றே இல்லாத நாளில் அலைநேரம் 12 நொடியைத் தாண்டினால், தொலைவில் எங்கோ பெருங்காற்று வீசியிருக்கிறது என்று கொள்ளலாம். அன்று வானிலை அறிவிப்பைக் கூடுதல் கவனத்தோடு கேளுங்கள்.

நான்காம் படி: கரையின் சரிவு

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எமரி என்பவர் 1961இல் வெளியிட்ட முறை இது. அசையாத ஒரு கட்டடத்தின் மூலையிலிருந்து தொடங்குங்கள். பனை வேண்டாம், அரிப்பில் அதுவே விழக்கூடும். இரு கம்புகளையும் கயிற்றளவு இடைவெளியில் நிறுத்தி, கடல் பக்கக் கம்பின் தலையையும் அடிவானத்தையும் ஒரு கோட்டில் பாருங்கள். அந்தக் கோடு தரைப் பக்கக் கம்பை உச்சியிலிருந்து எவ்வளவு கீழே வெட்டுகிறதோ, அவ்வளவு மணல் இறங்கியிருக்கிறது. அப்படியே நீர்விளிம்பு வரை நகர்த்துங்கள். மாதம் இருமுறை, அதே கோட்டில்.

வாடையில் மணல் போகும், சோளகத்தில் (தென்மேற்குக் காற்றுக் காலத்தில்) பெரும்பகுதி திரும்பி வரும். ஆகவே ஓர் ஆண்டு முழுவதும் முடியாமல் 'கரை போய்விட்டது' என்று எழுதாதீர்கள். ஒரு மார்கழியையும் ஓர் ஆடியையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. மார்கழியை அடுத்த மார்கழியோடுதான் ஒப்பிட வேண்டும். நந்திக்கடல், நாயாறு போன்ற முகத்துவாரங்களுக்கு அருகில் இன்னும் பொறுமை வேண்டும், அங்கே வாய் திறந்து மூடுவதற்கு ஏற்ப மணலும் இடம் மாறும்.

மாத்தளன், முள்ளிவாய்க்கால் பக்கம் அளப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரித்த மணலில் இரும்புப் பொருள் எது தெரிந்தாலும் தொடாதீர்கள், தோண்டாதீர்கள். விலகி வந்து பொலிஸாருக்குச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: கடலடி உணரி

கொப்பி ஒரு பருவம் நிரம்பிய பிறகு இதற்கு வாருங்கள். எம்எஸ்5837 வகை அழுத்த உணரி, ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை, மெமரி கார்ட், மின்கலம் ஆகியவற்றை நீர் புகாத குழாயில் அடைத்து, கொங்கிறீட் கட்டையில் கட்டி, அலை முறியும் இடத்துக்கு வெளியே 5 மீற்றர் ஆழத்தில் இறக்க வேண்டும். அதற்கு முன் கரையோரம் பேணல் திணைக்களத்திடம் அனுமதி கேளுங்கள். கரைவலையின் உரிமையாளரான சம்மாட்டியிடம் அவருடைய பாடு, அதாவது வலை வளைக்கும் கடற்பரப்பு, எதுவரை என்றும் கேளுங்கள். வலை கட்டையில் சிக்கினால் இழப்பு அவருக்குத்தான்.

நொடிக்கு 2 அளவீடு, 20 நிமிடத்துக்கு 2400. காற்றழுத்தத்தைக் கழித்துவிட்டு, 10 கிலோபாஸ்கலை ஏறத்தாழ 1 மீற்றர் நீராக மாற்றுங்கள். வற்றுப்பெருக்கால் வரும் மெதுவான ஏற்ற இறக்கத்தை நீக்கி, மீதியின் நியம விலகலை (அளவீடுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) நான்கால் பெருக்கினால் குறிப்பிடத்தக்க உயரம் வரும். ஒரு திருத்தம் மட்டும் கட்டாயம்: கிடைத்த உயரத்தை, அடிக்கு எட்டும் அழுத்தத்தின் வீதத்தால் வகுக்க வேண்டும். அலையின் அழுத்தம் அடிக்கு முழுதாக எட்டாது. 5 மீற்றர் ஆழத்தில் 10 நொடி அலையில் 90 வீதமும், 5 நொடி அலையில் 63 வீதமும், 3 நொடி அலையில் வெறும் 20 வீதமும்தான் எட்டும். அதைவிடக் குறுகிய அலைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இந்தக் கருவி சுனாமி எச்சரிக்கைக்கு உரியதல்ல. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் அளக்க நிற்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

வாடிப் பலகை

காலையில் அளந்ததும் வாடிச் சுவரில் உள்ள பலகையில் எழுதிவிடுங்கள்: உயரம், அலைநேரம், அளந்த மணி, அளந்த முறை. கம்பு, கண், உணரி என்று முறையைக் குறிக்காத எண்ணைக் கொப்பியில் ஏற்ற வேண்டாம். தவறிய நாளுக்கு எதையும் ஊகித்து நிரப்பாமல் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த நாளுக்குப் போங்கள்.