பழைய காரில் அலாரத்தைக் கழற்றும் முன்

அப்பாவின் மாருதி 800-ல் கடைக்காரர் மாட்டிய அலாரம் நடுராத்திரியில் தானாகக் கத்தத் தொடங்கியது. தெருவே எழுந்துவிட்டது. அதைக் கழற்றியபோது தெரிந்துகொண்டது இது.

வேலையைத் தொடங்கும் முன் கார் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்ற வேண்டும். சில சைரன்களுக்குள்ளேயே தனி பேட்டரி இருக்கும். மின்சாரம் போனதும் அலறும். சைரனின் பக்கவாட்டில் சின்ன சாவித்துவாரம் இருந்தால், டெர்மினலைக் கழற்றும் முன்பே சாவி போட்டு அதை ஆஃப் செய்யுங்கள்.

அலாரம் பெட்டி பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே டேப் சுற்றித் தொங்கும். அதைப் பிடித்து இழுத்துக் கண்டபடி வெட்டாதீர்கள். இண்டிகேட்டர், கதவு ஸ்விட்ச் வயர்களில் அலாரத்தின் வயரை வெறுமனே ஒட்டுப்போட்டிருப்பார்கள். அந்த ஒட்டை எடுத்து, வெயில் தாங்கும் டேப் சுற்றினால் போதும். சிக்கல் ரிலேயில்தான், அதாவது மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சின்ன ஸ்விட்ச் பெட்டியில். வண்டி திருடுபோகாமல் இருக்க, இக்னிஷன் வயரை நடுவில் வெட்டி ரிலே வழியாகக் கொண்டுபோயிருப்பார்கள். ரிலேயை மட்டும் பிடுங்கினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. தடித்த வயர்களைப் பின்தொடர்ந்து போனால், வெட்டுப்பட்ட கம்பெனி வயரின் இரு முனைகளும் ஒரே நிறத்தில் கிடைக்கும். ஒரு முனையில் ஹீட் ஷ்ரிங்க் குழாயை (சூடு பட்டால் சுருங்கி இறுகும் குழாய்) முதலில் நுழைத்துவிட்டு, இரண்டையும் சேர்த்து சால்டர் வைத்து, குழாயை இணைப்பின் மேல் தள்ளிச் சூடு காட்டுங்கள். நம்ம ஊர் வெயிலுக்குக் கறுப்பு டேப் பிசின் உருகிக் கழன்றுவிடும்.

ஒவ்வொரு வயரையும் எடுக்கும் முன் போனில் ஒரு போட்டோ. நான் எடுக்கவில்லை, ஹாரன் வயரைத் தேடியே ஒரு ஞாயிறு போனது. ஏர்பேக் உள்ள வண்டியானால் மஞ்சள் கனெக்டர் பக்கம் கை வைக்காதீர்கள், எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.