காய்ச்சல் தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள்

நான் குழந்தைகள் வார்டில் செவிலியர். ஃப்ளூ பரவும் மாதங்களில் வலிப்பு, பிதற்றல், கால் தளர்ச்சி என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் டாக்டர் முதலில் கேட்பது, "காய்ச்சல் எப்போ ஆரம்பிச்சது?" என்பதுதான். "முந்தாநாள்... இல்ல, அதுக்கும் முன்னாடி" என்று பதில் வரும். சளிக்காய்ச்சல் வைரஸ்களால் நரம்பு மண்டலத்தில் வரும் கோளாறுகள் அபூர்வம்தான். ஆனால் ஒவ்வொன்றும் வரும் நேரம் வேறு. அதனால் காய்ச்சல் கண்ட தேதி, நேரம், கொடுத்த மருந்து, அளவு எல்லாவற்றையும் போனில் குறித்து வையுங்கள்.

முதல் நாளே வரக்கூடியது காய்ச்சல் வலிப்பு. 6 மாதம் முதல் 5 வயது வரையிலான பிள்ளைகளுக்கு வரும். பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதுவும் கூடாது. உடனே கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் அரை நிமிடம்கூட அரை மணியாகத் தோன்றும். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். கூட ஆள் இருந்தால் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். துடித்தது ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா என்பது அதில் தெரிந்துவிடும். முதல் தடவை என்றால், தானாக நின்றாலும் அன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

வலிப்பைவிட அதற்குப் பிறகு வரும் தூக்கத்தைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். சாதாரண காய்ச்சல் வலிப்பில் பிள்ளை கொஞ்ச நேரம் அசந்து தூங்கும், அப்புறம் தெளிந்துவிடும். ஒரு மணி நேரம் ஆகியும் தெளியவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். உட்கார வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண் உங்கள் முகத்தில் நிற்கிறதா? கொடுத்த பொம்மையைப் பிடிக்கிறதா? முனகிவிட்டு மறுபடி சரிந்தால், இல்லாததைப் பார்த்துப் பேசினால், வீட்டு மனிதர்களை அடையாளம் தெரியாவிட்டால், வலிப்பே வராமல் இருந்திருந்தாலும் உடனே கிளம்புங்கள். இன்ஃப்ளூயன்சா எனும் ஃப்ளூவில் மூளை பாதிக்கப்பட்டால் பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கிய ஓரிரு நாளிலேயே தெரியும், மளமளவென்று மோசமாகும். பல சமயம் முதுகுத் தண்டு நீரில் வைரஸே அகப்படாது. வைரஸை எதிர்க்கக் கிளம்பிய நம் உடலின் எதிர்வினைதான் மூளையை வீங்க வைக்கிறது. "காய்ச்சல் இறங்கட்டும், பார்க்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

மருந்து விஷயம் ஒன்று. பிள்ளைகளுக்கும் விடலைப் பருவத்தினருக்கும் சளிக்காய்ச்சலில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். தேறி வரும் பிள்ளை திடீரென்று விடாமல் வாந்தி எடுத்து, குழம்பி, எரிந்து விழ ஆரம்பித்தால் அது ரே சிண்ட்ரோமாக இருக்கலாம். கல்லீரலையும் மூளையையும் சேர்த்துத் தாக்குவது அது, 1963-லேயே விவரிக்கப்பட்டது. கூட்டு மாத்திரை அட்டையில் அசிட்டைல்சாலிசிலிக் அமிலம் என்றிருந்தால் அதுவும் ஆஸ்பிரின்தான்.

இனி கால். ஃப்ளூ தணியும் நேரத்தில் பிள்ளை காலை எழுந்து நடக்க மாட்டேன் என்று அழும், அல்லது குதிகால் ஊன்றாமல் நுனிக்காலில் போகும். கெண்டைக்காலைத் தொட்டாலே கத்தும். பெரும்பாலும் இது தசை அழற்சி, சில நாளில் சரியாகிவிடும். டாக்டர் ஒரு தடவை பார்த்துவிடட்டும். சிறுநீர் கறுத்துப் போனால் அன்றைக்கே.

கில்லன் பாரே, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய், இதிலிருந்து வேறு. அது காய்ச்சலை எல்லோரும் மறந்த பிறகு, ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் வரும், பெரியவர்களுக்கும்கூட. பாதத்தில் மதமதப்பு, அப்புறம் படி ஏற முடியாமை, தளர்ச்சி மேலே மேலே ஏறும். மாறாக, ஒரு கையோ காலோ மட்டும் சில மணி நேரத்தில் துவண்டால் அது தண்டுவடப் பாதிப்பாக இருக்கலாம். என்டெரோவைரஸ் டி68 என்ற சளிக்காய்ச்சல் வைரஸ் அப்படிச் செய்யும். இரண்டுக்குமே வீட்டு வைத்தியம் கிடையாது.

வீட்டில் வயதானவர்களுக்குக் காய்ச்சல் தெரியாமலே குழப்பம் மட்டும் வரலாம். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று உளறினால் முதுமை என்று விட்டுவிடாதீர்கள். வாய் கோணினால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஃப்ளூ, கோவிட் வந்த அடுத்த சில வாரங்களுக்கு அந்த அபாயம் கூடுதல்.

கில்லன் பாரே என்று சேர்த்த நோயாளியை நாங்கள் ஒரே மூச்சில் சத்தமாக எண்ணச் சொல்வோம். காலையில் 25 வரை எண்ணியவர் மாலையில் 15-லேயே நிறுத்தினால் மூச்சுத் தசை தளர்கிறது என்று பொருள், உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் சொல்லிவிடுவோம். நீங்கள் அழைத்து வருபவர் வழியில் பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கினாலோ, எச்சில் விழுங்கத் திணறினாலோ வாசலிலேயே அதைச் சொல்லுங்கள், வரிசையில் நிற்காதீர்கள்.