வீதியோரத் தரிப்பிடத்தில் தொலைந்த நகையைத் தேடுதல்: வன்னியில் டிடெக்டர் பிடிப்போருக்கு

ஏ-9 வீதியால் வடக்கே போகிற வாகனங்கள் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் ஆகிய ஊர்களைத் தாண்டி வந்து, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் சற்று நேரமாவது தரித்துத்தான் செல்லும். பயணிகள் இறங்கிக் கற்பூரம் கொளுத்துவார்கள், தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்கிக்கொண்டு மறுபடியும் ஏறிவிடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குள் தோட்டின் சுரை கழன்றுவிடுகிறது, கைகழுவும்போது மோதிரம் நழுவிவிடுகிறது, குழந்தையின் காப்பு காணாமற்போய்விடுகிறது. பரந்தனைத் தாண்டிய பிறகுதான் இழந்தவருக்கு அது தெரியவரும். நான் பல ஆண்டுகள் மிதிவெடி அகற்றும் பணியில், மண்ணிலுள்ள உலோகத்தைக் காட்டும் டிடெக்டர் பிடித்தவன் என்பதால், இப்படித் தொலைந்தவற்றைத் தேடித் தரும்படி ஊரார் என்னை அழைப்பதுண்டு. வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருகின்ற உறவினர்கள் இப்போது பொழுதுபோக்குக்கான டிடெக்டர்களைக் கையோடு கொண்டுவந்து, "அண்ணை, றோட்டுக்கரையில எங்க தேடலாம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என்னதான் கிடைக்கும் பார்ப்போமே என்று வன்னியில் எந்த இடத்திலும் தேடக்கூடாது. தொலைந்த பொருள் இன்னது, தொலைத்தவர் இன்னார், அவர் நின்ற இடம் இது என்று தெரிந்தால் மட்டும், அதுவும் நாள்தோறும் சனம் நடமாடுகிற நிலத்தில் மட்டும் கருவியை எடுங்கள். தேநீர்க்கடை முற்றம், கோயில் வாசல், பஸ் தரிப்பிடத்தின் கிறவல் தரை ஆகியவற்றோடு உங்கள் எல்லை முடிந்துவிட வேண்டும். முற்றத்துக்குப் பின்னாலுள்ள பற்றைக்குள்ளோ, நிழலுக்காக ஒதுங்குகிற பாலை மரத்தடிக்கு அப்பாலோ ஒரு அடிகூட வைக்காதீர்கள். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. ஆயினும் அகற்றும் பணி அந்த ஆண்டுகளோடு முடிந்துவிடவில்லை. துப்புரவு செய்து கையளிக்கப்பட்ட காணிகளிலும் பழைய ரவைகளும் எறிகணைத் துண்டுகளும் மழைக்குப் பிறகு மேலே தெரிவதை இங்கே தோட்டம் செய்கிற எல்லோரும் கண்டிருக்கிறார்கள்.

கடையில் வாங்கிய டிடெக்டர் கையில் இருப்பதால் ஆபத்தை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம் என்று சிலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை உயிரைக் குடிக்கக்கூடியது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மிதிவெடி அகற்றுவோரின் கருவி எவ்வளவு சிறிய உலோகத்துக்கும் ஒலி எழுப்ப வேண்டும் என்று செய்யப்பட்டது. அது எழுப்பும் ஒவ்வொரு ஒலியையும், சோடா மூடியாக இருந்தாலும், முகக்கவசமும் மேலங்கியும் அணிந்தவர் பக்கவாட்டிலிருந்து மண்ணை மெதுவாகச் சுரண்டிப் பார்த்தே தீர வேண்டும். பொழுதுபோக்குக் கருவியோ ஆணி, கம்பி போன்ற இரும்புக்கு மௌனமாக இருக்கும்படி அமைக்கத்தக்கது. பி-4, டைப் 72 போன்ற மிதிவெடிகளின் உறை பிளாஸ்ரிக். அவற்றுள் இருக்கும் உலோகம் மிகமிகக் கொஞ்சம். ஜொனி 95 மிதிவெடிக்கு மரப்பெட்டியே உறை. ஆகவே உங்கள் கருவி மௌனமாக இருப்பதை வைத்து அந்த நிலம் பாதுகாப்பானது என்று ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமம் பெறாமல் தொல்பொருள் தேடி அகழ்வது குற்றமாகும். புதையல் தோண்டப் போனவர்கள் கைதான செய்தியைப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறோம். வீதியோரத்தில் டிடெக்டரோடு நிற்பவரைக் கண்டால் பொலிஸாருக்கு முதலில் அந்த எண்ணமே வரும். எனவே கருவியை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன்பே அதற்குரிய அனுமதியைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். தேடும் நாளில் கோயில் நிர்வாகத்திடமோ கடை உரிமையாளரிடமோ சம்மதம் பெற்று, அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கும் சொல்லிவிட்டு, பொருளைத் தொலைத்தவரையும் உடன் வைத்துக்கொண்டு தொடங்குவதே முறை.

இனி வேலைக்கு வருவோம். கருவியை வெளியில் எடுக்குமுன் கேள்விகள் கேளுங்கள். எந்தக் கதவால் இறங்கினீர்கள், எந்த வாங்கிலில் இருந்தீர்கள், கைப்பையை எங்கே திறந்தீர்கள் என்று கேட்டு, அவர் நடந்த வழியை அவரையே மறுபடி நடந்து காட்டச் சொல்லுங்கள். நினைவில் இல்லாததைக் கால்கள் காட்டிக்கொடுப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அடுத்ததாகக் கண்ணால் தேடுங்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்திருக்கும்போது குந்தியிருந்து, தரையோடு தரையாகப் பார்த்தால், பொன்னின் மினுக்கம் நிற்பவருக்குத் தெரிவதைவிட நன்றாகத் தெரியும். இரவில் ரோச் லைற்றைத் தரையில் கிடத்தி ஒளியைப் படரவிட்டால் அதே பலன் கிடைக்கும்.

முற்றம் கூட்டிய குப்பை எங்கே போகிறது என்பதையும் உடனேயே கேட்டுவிடுங்கள். மெல்லிய சங்கிலி ஒன்றைத் தேடி ஒரு கடை முற்றத்தில் அரைநாள் கருவியை வீசியிருக்கிறேன். அந்தச் சங்கிலி, அன்று காலையில் ஈர்க்குமாறால் கூட்டி மதிலோரம் குவித்திருந்த கச்சான் கோதுக்குள் கிடந்தது. கடைக்கார அம்மா மாலையில் அதற்கு நெருப்பு வைக்கப் போகும் தறுவாயில்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அன்றுமுதல் குப்பைக் குவியலை அரிதட்டில் போட்டு அரித்துப் பார்த்த பிறகே தரைக்கு வருகிறேன்.

தரையில் தேடுவதற்கு முன்பு, தொலைந்ததைப் போன்ற இன்னொரு பொருளைக் கொண்டு கருவியைச் சோதித்துப் பாருங்கள். மிதிவெடிப் பணியில் ஒவ்வொரு நாள் காலையிலும் சோதனைத் துண்டின் மேல் கருவியைப் பிடித்துக் காட்டாமல் எவரும் வேலைக்கு இறங்க முடியாது; அந்தப் பழக்கம் இங்கும் உதவும். தோடு தொலைந்திருந்தால் மற்றக் காதுத் தோட்டைக் கேட்டு வாங்கி, நூலில் கட்டி, அதே மண்ணில் இரண்டு விரல் ஆழத்தில் மூடிவிட்டு, அது எழுப்பும் ஒலியைக் காது பழகும்வரை கேளுங்கள். வன்னியின் சிவந்த கிறவலில் இரும்புச் சத்து மிகுதி என்பதால் வெறுந்தரையே கருவியை முனக வைக்கும். கருவியின் நுனியிலுள்ள தேடுதட்டைத் தரைக்கு மேலே உயர்த்தியும் தாழ்த்தியும், அந்த முனகல் மாறாமல் ஒரே சீராக வரும்வரை மண்ணுக்கேற்றபடி சமன்செய்துகொள்ளுங்கள். அப்படியும் சத்தம் அடங்காவிட்டால் உணர்திறனைக் குறையுங்கள். புதிதாக விழுந்த பொருள் மேல்மண்ணிலேயே கிடக்கும், ஆழம் தேவையில்லை. பக்கத்தில் நிற்கும் பஸ்ஸும் மேலே செல்லும் மின்கம்பியும் கருவியைக் குழப்பும் என்பதால், பஸ்ஸைச் சற்றுத் தள்ளி நிறுத்தும்படி சாரதியிடம் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

ஈயத்தாள், பான மூடி, தகரப்பேணியின் இழுவளையம் ஆகியவற்றை ஒதுக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். சிறிய பொன் மோதிரமும் அலுமினியத் துண்டும் கருவிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். குப்பையை ஒதுக்கப் போனால் பொன்னும் சேர்ந்து போய்விடும். மெல்லிய சங்கிலி இன்னும் கடினமானது. அதன் கண்ணிகள் ஒவ்வொன்றும் மிகச் சிறியவை என்பதால் முழுச் சங்கிலியும் ஒரே பொருளாகக் கருவிக்குத் தெரிவதில்லை. கொளுக்கி மட்டும் மெலிதாக ஒலிக்கும். கனத்த தாலிக்கொடியும் முழு வளையமாகிய காப்பும் அவ்வளவு தொல்லை தருவதில்லை.

தேடும் நிலத்தைக் கயிறு பிடித்து ஒரு மீற்றர் அகலப் பாத்திகளாகப் பிரியுங்கள். பாத்திக்கு வெளியே நின்று, தேடுதட்டை நிலத்திலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயரத்தில் மட்டமாகப் பிடித்து, வீச்சின் இரு முனையிலும் மேலே தூக்கிவிடாமல் மெதுவாக அசையுங்கள். புல்லுச் செருக்குகிறவர் மண்வெட்டியைத் தூக்கி வீசுவதுபோல அசைத்தால் பாத்தியின் ஓரங்கள் தப்பிவிடும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மீண்டும் மூட வேண்டும். ஒலி வந்த இடத்தில் உடனே கைவைக்காமல், சிவப்புத் துணி கட்டிய ஈர்க்கைக் குத்தி அடையாளமிட்டுக்கொண்டு பாத்தியை முடியுங்கள். பிறகு திரும்பிவந்து, ஒலியைக் குறுக்காகவும் கேட்டு, நடுப்புள்ளியைக் கண்டுபிடியுங்கள். பஸ் நிற்கிற இடத்தில் நட்டும் ஆணியும் நிறையக் கிடப்பதால், காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி முன்னதாகவே மேற்பரப்பின் மேல் இழுத்துவிட்டால் பாதி ஒலிகள் குறைந்துவிடும்.

கிளறுவதற்கு விரலும் மரக்கரண்டியுமே போதும். மண்வெட்டி, அலவாங்கு எதுவும் கொண்டுபோக வேண்டாம். மேலேயுள்ள உதிரி மண்ணை நான்கைந்து சென்ரிமீற்றருக்கு மேல் விலக்காதீர்கள்; நேற்று விழுந்த மோதிரம் இறுகிய தரைக்குள் போயிருக்க முடியாது, ஆகவே ஒலி அதற்கும் கீழிருந்து வருமானால் அது நீங்கள் தேடுகிற பொருள் அன்று. அதை விட்டுவிட்டு அடுத்த அடையாளத்துக்குப் போங்கள். துருப்பிடித்த உருளையோ, பச்சை நிறப் பிளாஸ்ரிக் விளிம்போ, மண்ணுக்குள் போகும் வயரோ, மரப்பெட்டியின் மூலையோ கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட்டு, எல்லோரையும் நிறுத்தி, வந்த காலடியிலேயே திரும்பி நடங்கள். அதைத் தொடவோ கல்லால் மூடவோ கூடாது. பிள்ளைகள் கிட்டப் போகாமல் தூரத்தில் ஒருவரை நிறுத்திவிட்டு, 119 இலக்கத்துக்கு அழைத்து, கிராம அலுவலருக்கும் தெரிவியுங்கள்.

தேடும்போது நாணயங்கள் அகப்படும். கோயில் முற்றத்தில் கிடைக்கும் காசு கோயிலுக்குரியது, உண்டியலில் போட்டுவிடுங்கள். பிறருடைய நகை கிடைத்தால் கடைக்காரர் முன்னிலையில் பொலிஸாரிடம் ஒப்படையுங்கள். அந்தச் சாட்சி உங்களுக்கும் பாதுகாப்பு.

கிளறிய மண்ணை நிரவி, ஈர்க்குகளை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் கிடைக்காவிட்டால் தொலைத்தவரின் தொலைபேசி இலக்கத்தைக் கடையில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முற்றத்து மணலை அரித்து வாய்க்காலோரம் ஒதுக்கும். முதல் பெருமழை விட்ட மறுநாள் காலை, யாரும் கூட்டுவதற்கு முன்பு, அந்த வாய்க்கால் விளிம்பை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.