லூஸ் கனெக்‌ஷன் வராமல் வயர் முடுக்குவது எப்படி? எலக்ட்ரீஷியன் வேலை பழகுபவர்களுக்கு

வேலை பழக வருபவர்கள் முதலில் கேட்பது த்ரீ ஃபேஸ் மோட்டார், ஸ்டார்ட்டர் மாதிரி பெரிய சமாச்சாரங்களைத்தான். ஆனால் வயரிங்கில் கருகிப்போகும் இடம் வயரின் நடுவில் இருப்பது அபூர்வம். பெரும்பாலும் ஸ்க்ரூவுக்கு அடியில்தான் இருக்கும். ஸ்ட்ரிப்பரும் ஸ்க்ரூடிரைவரும் கைக்குப் படியும்வரை மோட்டார் காத்திருக்கட்டும்.

சரியாக இறுகாத ஒரு முனையில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 ஆம்பியர் ஓடினால் 10 × 10 × 0.5 = 50 வாட். ஒரு சோல்டரிங் அயர்னின் சூடு ஸ்விட்ச்சுக்குப் பின்னால் மணிக்கணக்கில் அடைந்து கிடக்கும். எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச்) விழாது, கரண்ட் கூடவில்லையே! சூட்டில் செம்பு கறுக்கும், தடை ஏறும், சூடு இன்னும் ஏறும்.

போர்டில் கை வைக்கும் முன் எம்சிபியை இறக்கிப் பூட்டுங்கள். "ஆஃப் பண்ணியாச்சு" என்று யாரோ சொன்னதை நம்பி இறங்க வேண்டாம். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள், அடுத்து வேலை செய்யும் இடத்தில், மறுபடியும் கரண்ட் உள்ள இடத்தில். மூன்றாவது தடவை எதற்கு என்றால், இடையில் டெஸ்டரே செத்திருக்கலாம். நியான் டெஸ்டர் இதற்குப் போதாது: காய்ந்த பலகை மேல் நின்றால் மங்கலாக எரியும், வெயிலில் கண்ணுக்கே தெரியாது. இரண்டு முனை உள்ள வோல்டேஜ் டெஸ்டரால் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் பாருங்கள்.

இனி வயர். உரிக்கும் நீளம் டெர்மினலின், அதாவது வயரை நுழைத்து ஸ்க்ரூவால் முடுக்கும் துளையின், ஆழத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். பல ஸ்விட்ச்களின் பின்புறம் அளவுக்கோடே போட்டிருப்பார்கள். குறைவாக உரித்தால் ஸ்க்ரூ செம்பில் உட்காராமல் பிவிசி உறை மேல் உட்காரும். அப்போதைக்கு இறுகியது போலத் தோன்றும். சூட்டில் பிவிசி இளகியதும் பிடி விட்டுப்போகும். அதிகமாக உரித்தால் வெறும் செம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிளேடால் உரிப்பதை ஆரம்பத்திலேயே விட்டுவிடுங்கள். ஒற்றைக் கம்பியில் பிளேடு கீறிய இடம் மடக்கும்போது முறியும். பல இழை வயரில் நாலு இழை அறுந்தால் முனை அந்த அளவுக்கு மெலிந்துவிடும்.

இழைகளை முறுக்கி உள்ளே விடுங்கள். துளை பெரிதாக இருந்தால் முனையை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். இழைகளில் சோல்டர் பூசி முடுக்குவது பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் தப்பு: சோல்டர் அழுத்தத்தில் மெல்ல நகர்ந்து ஸ்க்ரூவைத் தளர்த்திவிடும். ஃபெரூல் (இழைகளின் முனையில் மாட்டும் சின்ன உலோகக் குழாய்) போட்டு, கிரிம்பிங் டூலால் நசுக்கி இறுக்குவதே சரி. அலுமினிய வயரையும் செம்பு வயரையும் நேராகச் சேர்த்து முறுக்கவே கூடாது. அதற்கென்று பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியமும் மறுபக்கம் செம்புமாக உள்ள இணைப்பு) இருக்கிறது.

தயாரிப்பாளர் டார்க் (torque, முடுக்கும் விசை) அளவு கொடுத்திருந்தால் டார்க் ஸ்க்ரூடிரைவரால் அந்த அளவுக்கு முடுக்குங்கள். பல இழை வயரை முடுக்கியபின் லேசாக ஆட்டினால் இழைகள் படியும். திரும்ப ஒருமுறை முடுக்கிவிட்டு ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். ஒரே துளையில் தடித்ததும் மெல்லியதுமாக இரண்டு வயர் போனால், ஸ்க்ரூ தடித்ததை மட்டும் பிடித்திருக்கும். இழுத்தால் மெல்லியது கையோடு வந்துவிடும்.

பெட்டியில் ஒவ்வொரு வயருக்கும் 15 செ.மீ. அளவு மிச்சம் விடுங்கள். போர்டை உள்ளே தள்ளும்போது அதை வளைத்து மடக்கி வையுங்கள். விறைப்பாகத் திணித்தால், முடுக்கிய முனைதான் இழுபடும்.

ஸ்விட்ச் எப்போதும் ஃபேஸில்தான். நியூட்ரலில் போட்டால் பல்பு அணையும், ஹோல்டரில் கரண்ட் நிற்கும்.

எம்சிபி காப்பது வயரைத்தான். 1.5 சதுர மி.மீ. செம்பு வயருக்கு 10 ஆம்பியர், 2.5க்கு 16 என்பது வழக்கமான அளவு; ஒரே பைப்பில் பல வயர் நெருங்கினால் இன்னும் குறைக்க வேண்டிவரும். 16 அடிக்கடி விழுகிறது என்று 25 மாட்டுபவர்கள் உண்டு. எம்சிபியின் சொந்த டெர்மினலே லூஸாக இருந்தால், அந்தச் சூட்டிலேயே அது சீக்கிரம் விழும் என்பதை இவர்கள் யோசிப்பதில்லை. மாற்றுவதற்கு முன் முடுக்கைப் பாருங்கள்.

முடிந்ததும் எர்த் வயர் எங்கும் அறுபடாமல் தொடர்கிறதா என்று பார்த்துவிட்டு, மெகர் (வயர் உறையின் இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) போடுங்கள். 230 வோல்ட் வயரிங்குக்கு 500 வோல்ட் மெகர். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். எல்இடி விளக்கு, டிம்மர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் அவை போய்விடும். புது வயரிங்கில் அந்த 1 மெகா ஓமைவிடப் பலமடங்கு வர வேண்டும். 2, 3 என்று நின்றால் எங்கோ ஈரம் அல்லது காயம்பட்ட வயர்.

ஆனால் மெகருக்கு லூஸ் கனெக்‌ஷன் தெரியாது. அது லோடில்தான் காட்டிக்கொடுக்கும். ஹீட்டர் மாதிரி கனமான லோடை அரை மணி நேரம் ஓட்டிவிட்டுத் தெர்மல் கேமராவில் பாருங்கள்; அதே லோடு போகும் முனைகளில் ஒன்று மட்டும் சூடாகத் தெரிந்தால், மெயினை இறக்கிவிட்டு அதைத் திறங்கள். கறுத்த முனையைத் திரும்ப முடுக்கிப் பயனில்லை. பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புதிதாக உரியுங்கள். டெர்மினலும் நிறம் மாறியிருந்தால் அந்த ஸ்விட்ச்சையே மாற்றிவிடுங்கள்.